நீடாமங்கலம் கேட்டில்

கேட் போட்டு இருபது நிமிஷம்.
நெல் ஏற்றிய வேகன்கள்
முன்னால் போய், யோசித்து, பின்னால் வருகின்றன.
குட்டியானையின் பின்பக்கம்
ஜமுக்காளம் சுற்றிக் கிடக்கிறது என் கீபோர்டு,
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆள் மாதிரி.

ஆஸ்பத்திரிக்கு இல்லை.
எக்ஸ்சேஞ்சுக்கு.

பதினோராயிரம் என்றார் கடைக்கார நிஜாமுதீன்.
ஸ்விட்ச் போட்டதும் ஆன் ஆனால் பன்னிரண்டாம்.
ஆகும்.
ஆனதும் பச்சை எழுத்தில்
பேட்டரி தீர்கிறது என்று சொல்லும்.
மூன்று வருஷமாகச் சொல்கிறது.

அந்தப் பேட்டரி ஒரு ரூபாய்க் காசு அளவு.
விலை நாற்பது.
மாற்ற ஐந்து நிமிஷம்.
அந்த ஐந்து நிமிஷத்தில்
நான் உட்கார்ந்து உட்கார்ந்து செய்த
அறுபத்து நான்கு சத்தமும் அழிந்துவிடும்.
நகல் எடுக்கலாமென்றால்
ஃப்ளாப்பி போடும் வாய்
ஒரு கார்த்திகை மழையில் துருவேறி மூடிக்கொண்டது.

அறுபத்து மூன்று போனால் போகட்டும்.
வரவேற்புக்கு வயலின் கூட்டம்,
தேர் நிலைக்கு வருகையில் மணி,
தலைவர் மேடையேறும்போது ஊத ஒரு கொம்பு
(கட்சிகள் மாறின, கொம்பு அதேதான்).

நாற்பத்தேழாவதுதான் சிக்கல்.
ஆற்றில் தண்ணீர் வந்த ராத்திரி,
கரண்ட் வந்து வந்து போக,
பக்கத்து ரைஸ் மில் ஜெனரேட்டரின் நடுக்கம்
எப்படியோ உள்ளே ஏறிக்கொண்ட சத்தம்.
பெயர் வைக்க எட்டு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம்.
பாமணியாறு என்று வைக்கப் போனேன்,
கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லை.
அன்றிலிருந்து அந்த எண்ணைத் தொட்டால்
பாமணியா?
என்று என்னைக் கேட்கிறது பெட்டி.

புதியதைப் போன வியாழன் வாசித்துப் பார்த்தேன்.
பாதி எடை. ஒரு கட்டையும் ஒட்டவில்லை.
என்னுடையதில் மேல் கட்டை ஒன்று
அழுத்தினால் எழாது;
பாடகர் இளம்பரிதி அந்தக் கட்டை வராத சுருதியிலேயே
பாடப் பழகிவிட்டார்.
"உங்க பழைய மாடல் மொத்தமும்
இதுக்குள்ள இருக்கு மேடம்."
இருந்தது.
நான் வாங்கிய அன்றைக்கு எப்படியோ அப்படி,
யாரும் குடிவராத வீடு மாதிரி.
நாற்பத்தேழு இதில் வருமா என்றேன்.
கிட்டத்தட்ட, என்றார்.
பொய் சொல்லாத மனுஷன்.

போன ஆவணியில் கொரடாச்சேரி வரவேற்பு.
பல்லவி நடுவே பெட்டி அணைந்தது.
தபேலா மட்டும் தனியாக
கொஞ்ச தூரம் நடந்துபோய்த்
திரும்பிப் பார்த்தது.
தையில் ஒன்பது முகூர்த்தம் எடுத்திருக்கிறேன்.
மகளிர் குழுவில் முப்பதாயிரம் தயார்.

வீட்டுக்காரர் பக்கிரிசாமி
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
"ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நெல்லையே திருப்பி அனுப்புறோம்.
ஐப்பசியில உன் பெட்டி எத்தனை இருக்கும்?"
சிரித்துவிட்டு
எழுதாத பதிவேடு ஒன்றைக் கொடுத்தார்.
நேற்று ராத்திரி அதில்
நாற்பத்தேழின் எண்களை இறக்கினேன்.
விவசாயி பெயர்: பாமணியா.
மூட்டை: அறுபத்தொன்று.
சர்வே எண் கட்டத்தில் அலையின் வேகம்.
ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.
ஜெனரேட்டருக்குத்தான் கட்டமில்லை.

இந்த கேட்டில் நின்றுதான் தோன்றியது.
கடையில் முதலில் பேட்டரியை மாற்றச் சொல்வேன்.
அழியட்டும்.
பதிவேட்டைப் பிரித்து
இதிலேயே திரும்பக் கட்டிப் பார்ப்பேன்.
வந்தால் இதே வண்டியில் வீடு.
இதற்கே வரவில்லை என்றால்
கிட்டத்தட்டவுக்கு முப்பதாயிரம்
கொடுத்துவிட வேண்டியதுதான்.

"போலாமாக்கா?" என்கிறான் டிரைவர்.
கேட் தூக்கியாயிற்று.
இந்தப் பக்கம் நின்ற எல்லோரும்
அந்தப் பக்கம் நின்ற எல்லோரும்
ஒரே நேரத்தில் கிளம்பி
தண்டவாளத்துக்கு நடுவில் வந்து
நிற்கிறோம்.